ஒன்பது அடியா... பத்து அடியா?

கல்ச்சுரல்ஸுக்கு ஸ்டேஜ் செட் தூக்கிட்டுப் போக என்னிக்காவது குட்டி யானை புக் பண்ணியிருக்கீங்களா பாஸ்? பண்ணியிருந்தா இந்த சீன் உங்களுக்கு அத்துப்படி. எட்டுக்கு நாலு பிளைவுட்ல ராத்திரி பூரா முழிச்சு பெயின்ட் அடிச்சு வெச்சிருப்பீங்க. காலையில வண்டி வரும். ஏத்திப் பார்த்தா பலகை வாலை நீட்டிக்கிட்டு நிக்கும். டிரைவர் அண்ணன் உங்களை மேலயும் கீழயும் ஒரு லுக் விடுவார். அப்புறம் பின் கதவைத் தொறந்து தொங்க விட்டு, கயிறு போட்டு, "இன்னொரு நூறு ரூவா சேர்த்துக் குடுத்துடு தம்பி"ன்னு ஒரு பிட்டைப் போடுவார்.

டாடா ஏஸோட லோடு பாடி நீளம் 2,200 மில்லிமீட்டர். அடிக் கணக்குல ஏழே கால் கிட்ட. பிளைவுட் 2,440. மிச்சம் 24 சென்டிமீட்டர், அதாவது ஒரு ஸ்கேலை விடக் கம்மி. அந்த ஒரு ஸ்கேல் நீளத்துக்காக எங்க வீட்ல மூணு வாரம் பட்டிமன்றமே நடந்துச்சுன்னா நம்புவீங்களா?

மேட்டர் இதுதான். எங்க மாமா ராயபுரம். காசிமேட்டுல மீன் லோடு அடிக்கிறவர். ரொம்ப வருஷமா ஓட்டின ஏஸுக்கு வயசாயிடுச்சு. அதைத் தள்ளிவிட்டுட்டு பெருசா ஒரு பிக்கப் எடுக்கலாம்னு முடிவு. ஷோரூம்ல போய் நின்னா, பொலேரோ மேக்ஸ் பிக்கப்ல ஒரே 1.7 டன்னுக்கு ரெண்டு வண்டி காட்டியிருக்காங்க. ஒண்ணோட பாடி ஒன்பது அடி. இன்னொண்ணு பேருக்குப் பின்னாடி 'எல்' போட்டது, 3,050 மில்லிமீட்டர், பத்து அடி. (2023 ஏப்ரல்ல வந்த வரிசை இது.) அஞ்சு வருஷ டியூ. தப்பான வண்டியை எடுத்தா அஞ்சு வருஷமும் அதுலதான் குந்தணும். மாமா உடனே எனக்கு போன் போட்டார். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன் இல்லையா, குடும்பத்துக்கே நான்தான் வண்டி டாக்டர்! (அரியர் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது.)

"பத்து அடி எடுங்க மாமா. இடம் அதிகம்னா லோடு அதிகம், லோடு அதிகம்னா துட்டு அதிகம்." அரை நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன். ஜட்ஜே அசந்துடுவார்.

அப்புறம்தான் ராத்திரி தூக்கம் வராம ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க. ஏஸோட பாடி அகலம் 1,490 மில்லிமீட்டர். நீளத்தோட பெருக்கினா தரை பரப்பு சுமார் 3.3 சதுர மீட்டர். அந்தத் தொட்டியில தண்ணியை ஊத்துறதா வெச்சுக்குங்க. எவ்ளோ உயரம் ஊத்தினா 750 கிலோ வரும்? வெறும் 23 சென்டிமீட்டர்! 2005-ல ஏஸ் அறிமுகமானப்ப சொன்ன பாரம் அந்த 750 கிலோதான். பக்கப் பலகையோட உயரமோ 30 சென்டிமீட்டர். ஆக, பலகை மட்டம்கூட எட்டாம வண்டியோட தெம்பு தீர்ந்து போச்சு.

மீன், ஐஸ் ரெண்டும் கிட்டத்தட்ட தண்ணி வெயிட்டுதான். நடுவுல சந்து பொந்து இருக்கும், அவ்ளோதான் வித்தியாசம். அதனால காசிமேட்டு லோடுக்கு இடம் எப்பவுமே ஒரு பிரச்னை இல்லை. வெயிட்தான் முதல்ல முட்டும். இப்ப பத்தடி பாடிக்கு வாங்க. அதுவும் 1.7 டன், இதுவும் 1.7 டன். கூட இருக்கிற ஒரு அடியில மீன் கிரேட்டை அடுக்கினா ஓவர்லோடு. அடுக்காம விட்டா அந்த ஒரு அடிக்கு டீசல் ஊத்தி சும்மா ஊரைச் சுத்திக் காட்டுற மாதிரி. காலி இடத்தைப் பார்த்தா நம்ம ஆளுங்க சும்மா விடுவாங்களா? 'இன்னும் நாலு பொட்டி போடுண்ணே, என்னா ஆயிடப் போவுது'ன்னு ஒரு குரல் கண்டிப்பா வரும். 2019 செப்டம்பர்லேர்ந்து ஓவர்லோடுக்கு சட்டத்துல போட்டிருக்கிற அபராதம் 20,000 ரூபா. அதுக்கு மேல கூட இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மாசத்துல ஒரு தடவை மாட்டினாலே டியூ கட்ட வெச்ச காசு காலி.

அதே நேரம் தெர்மகோல் பெட்டி, மெத்தை, காலி கிரேட், பிளாஸ்டிக் சேர்... இதெல்லாம் ஏத்துறவங்களுக்குக் கதையே வேற. அவங்களுக்கு வெயிட் முட்டவே முட்டாது, இடம்தான் முட்டும். அவங்க கண்ணை மூடிக்கிட்டு நீள பாடி எடுக்கலாம். வண்டி வாங்குற எல்லாரும் 'எவ்ளோ டன்'னுதான் கேட்கிறாங்க. 'என் சரக்குக்கு முதல்ல தீரப் போறது இடமா, டன்னா'ன்னு கேட்டா பாதிக் குழப்பம் அங்கேயே முடிஞ்சுடும்.

விடிஞ்சதும் போன் போட்டு தீர்ப்பை மாத்தினேன். மாமா ரொம்ப கூலா, "இன்னா மாப்ள, ராத்திரி ஒண்ணு சொல்ற, காலையில ஒண்ணு சொல்ற? பொட்டியாண்ட குந்திக்கினு கணக்கு தட்டினா லோடு ஏறிடுமா? சனிக்கிழமை நைட்டு வா, காட்றேன்"னார்.

போனேன். ஞாயித்துக்கிழமை விடியக்காலை காசிமேடு எப்படி இருக்கும்னு பார்க்காதவங்க ஒரு தடவை போய்ப் பாருங்க. ரெண்டரை மணிக்கு அங்க பகல். ஏலக்குரல், ஐஸ் உடைக்கிற சத்தம், செருப்பைத் தாண்டி விரல் நடுவுல ஏறுற சில்லுத் தண்ணி. நான் கடன் வாங்கிட்டுப் போன வெள்ளை ஷூ அன்னியோட சமாதி. (ஸாரி டா ரூம்மேட்!)

அங்க ஒரு விஷயம் புரிஞ்சுது. எந்தப் புஸ்தகத்துலயும் இது இல்ல. கீழ நிக்கிற லோடுமேன் கிரேட்டைத் தூக்கி பாடி விளிம்புல வைப்பார். மேல நிக்கிறவர் அதை இழுத்துட்டுப் போய் கேபினுக்குப் பின்னாடி மூலையில அடுக்கணும். தரை பூரா ஐஸ் தண்ணி, மீன் வழுவழுப்பு. குனிஞ்சபடியே இழுக்கணும். ஒரு கிரேட்டுக்கு ஒரு அடி கூடன்னா, போக வர ரெண்டு அடி. ஒரு நடைக்கு எத்தனை கிரேட்? ஒரு ராத்திரிக்கு எத்தனை நடை? பக்கக் கதவைத் தொறந்து சைடுலேர்ந்து ஏத்தலாமேன்னு கேட்டேன். அக்கம்பக்கத்துல நாலு வண்டி உரசிக்கிட்டு நிக்குது, சைடு எங்கே இருக்கு? மேல நின்ன அண்ணனுக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்னு தெரிஞ்சதும், "நீதான் பத்தடி எடுக்கச் சொன்ன புள்ளையா?"ன்னு கேட்டார். நான் வேற பக்கம் திரும்பி ஏலத்தை கவனிக்கிற மாதிரி நடிச்சேன்.

கேம்பஸ்ல உட்கார்ந்து யோசிச்சா வராத இன்னொரு சமாச்சாரம், வால். பின் சக்கரத்துக்கு அந்தாண்ட நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதிக்கு ஓவர்ஹேங்னு பேரு. வண்டியை இடது பக்கம் ஒடிச்சா அந்த வால் மூலை வலது பக்கம் வெளிய அடிக்கும். எங்க மாமா தெருவுல ரெண்டு பக்கமும் பைக், நடுவுல தண்ணி டிரம், ஒரு வீட்டுப் படிக்கட்டு பாதி ரோட்டுல. அங்க வால் அடிச்சா பஞ்சாயத்துதான். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்லயே இதுக்கு ஒரு லிமிட் இருக்கு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்துல, அதாவது வீல்பேஸ்ல, 60 சதவீதத்துக்கு மேல வால் நீளக் கூடாது.

வால் வெளிய தெரிஞ்சாலும், அது பண்ற வேலை முன்னாடிதான் தெரியும். சேஸிஸ் அதே, பாடி மட்டும் ஒரு அடி பின்னாடி நீண்டிருக்குன்னு வெச்சுக்குங்க. லோடை சமமா பரப்பினா அதோட மையம் அரை அடி பின்னாடி போகும். 1,700 கிலோ, 14 சென்டிமீட்டர் நகர்வு, வீல்பேஸ் 3 மீட்டர்னு வெச்சு மொமென்ட் எடுத்தா, முன் சக்கரங்கள் மேலேர்ந்து 80 கிலோ குறையுது. எங்க ஹாஸ்டல் வார்டனைத் தூக்கி முன் சீட்லேர்ந்து பின் கதவுக்கு மாத்தின மாதிரி. முன் சக்கரம் லேசானா ஸ்டீயரிங் பிடி குறையும். மழை பேஞ்ச எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல அந்தப் பிடி எவ்ளோ முக்கியம்னு உங்களுக்கே தெரியும். கம்பெனியே வீல்பேஸையும் சேர்த்து நீட்டியிருந்தா இந்தக் கணக்கு மாறிடும். அதனால ஷோரூம்ல மொதல் கேள்வியா அதைக் கேளுங்க. சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் மியூசிக் சிஸ்டத்தைப் பத்திப் பேச ஆரம்பிப்பார், விடாதீங்க!

'சின்ன வண்டி வாங்கி, பாடி கட்றவர்கிட்ட சொல்லி ஒரு அடி இழுத்துக்கிட்டா போச்சு'ன்னு ஒரு அறிவாளி எல்லா ஏரியாவுலயும் இருப்பார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதுக்குத்தான் இருக்கு. ஆர்.சி.யில இருக்கிறதை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டு போற அன்னிக்கு அந்த அறிவாளி கூட வர மாட்டார்.

எண்ணூர்ல லாரி செய்யிற கம்பெனி ஆரம்பிச்சது 1948-ல. அன்னிக்கு அசோக் மோட்டார்ஸ், 1955-லேர்ந்து அசோக் லேலண்ட். ஆனா அதே கம்பெனி 2011-ல விட்ட குட்டி வண்டியான தோஸ்த் பொறந்தது ஓசூர்ல. நம்ம ஏரியாவுல பொறந்ததெல்லாம் பெரிய தலைங்க, நம்ம தெருவுல நுழைஞ்சதெல்லாம் வெளியூர்க் குட்டிங்க! அமெரிக்காவுலயும் இதே சண்டை உண்டு. அங்க ஃபோர்டு எஃப்-150 பிக்கப் அஞ்சரை அடி, ஆறரை அடி, எட்டு அடின்னு மூணு பாடியோட வருது. எட்டு அடி ஏன்னு கேட்டா, அங்கயும் பிளைவுட் எட்டுக்கு நாலுதான். ஆனா அங்க நிறைய பேருக்கு பிக்கப்னா ஃபேமிலி கார். இங்க அது அடுப்பு எரியிற விஷயம்.

இவ்ளோ தூரம் வந்தப்புறம் ஒன்பதுதான்னு நான் அடிச்சுச் சொன்னேன். மாமா ஒத்துக்கல. அவர் கேட்ட கேள்வி: "ரெண்டு மாசம் தடைக்காலத்துல இன்னா பண்றது?"

கரெக்ட் கேள்வி. கிழக்குக் கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்னாடி 45 நாளா இருந்தது, 2017-லேர்ந்து 61 நாள். ஃபைபர் போட் மீன் கொஞ்சம் வரும், அது எல்லா வண்டிக்கும் பத்தாது. கடல் லீவு விட்டாலும் டியூ லீவு விடாது. அந்த 61 நாளும் மாமா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட், ஹார்டுவேர் கடைங்க, வீடு காலி பண்றவங்கன்னு சுத்துவார். அங்க நீளம்தான் ராஜா. பைப் 20 அடி. கூரை ஷீட்டு எட்டு, பத்து, பன்னெண்டுன்னு இருக்கு. கழிவுநீர் பி.வி.சி. பைப் 3 மீட்டர் சைஸ்ல வருது. 3,050 மில்லிமீட்டர் பாடியில அது அழகா படுத்துக்கும், ஒன்பது அடியில பின் கதவு மூடாது.

20 அடி பைப் பத்தி இங்க நிறுத்தி ஒண்ணு சொல்லணும். நீங்க பைக்ல போறவங்கதானே? 2013-ல மாமா ஏஸ்ல பைப் ஏத்தி, கேபினுக்கு மேல சாய்ச்சுக் கட்டி, பின்னாடி ஆறேழு அடி நீட்டிக்கிட்டு, நுனியில சிவப்புத் துணியோட எர்ணாவூர் பக்கமா வந்துக்கிட்டு இருந்தார். சாயங்காலம், லைட் மங்கின நேரம். முன்னாடி போன லாரி சடன் பிரேக். மாமாவும் அடிச்சார். பின்னாடி பைக்ல வந்த பையன், காலேஜ் பேக் மாட்டினவன், வண்டியைச் சாய்ச்சுக் கீழ விழுந்தான். பைப் நுனி அவன் ஹெல்மெட்டை உரசிட்டு மேல போச்சு. விழாம நேரா வந்திருந்தா..? மாமா அதுக்கு மேல சொல்ல மாட்டார். அந்த ஹெல்மெட்ல இருந்த கோட்டை மட்டும் விரலால காத்துல போட்டுக் காட்டுவார். அன்னியோட 20 அடி பைப்பை நிறுத்திட்டார்.

அப்போ இருந்த விதி, பின்னாடி ஒரு மீட்டர் வரைக்கும் நீட்ட அனுமதிச்சுது. மாமா நீட்டினது அதுக்கும் மேல, அதனால அப்பவும் அது தப்புதான். 2014 மார்ச்ல அந்த ஒரு மீட்டர் சலுகையையே எடுத்துட்டாங்க. இன்னிக்கு பாடியைத் தாண்டி நீட்டினா சட்டத்துல அபராதம் 20,000. சிவப்புத் துணி கட்டினாலும் அதே 20,000. ஆனாலும் தினமும் ரோட்டுல பார்க்கிறோம். ராத்திரியில அந்தத் துணி கறுப்பாத்தான் தெரியும். கம்பியோட நுனி நேரா உங்க கண்ணைப் பார்க்கும்போது அது கம்பியாவே தெரியாது, ஒரு புள்ளி, அவ்ளோதான். அந்த மாதிரி வண்டிக்குப் பின்னாடி மாட்டினா ஓவர்டேக் பண்ணத் துடிக்காம, நாலு வண்டி நீளம் பின்வாங்கிடுங்க. ஹெட்செட்டைக் கழட்டிடுங்க.

பட்டிமன்றத்துக்கு வருவோம். இவ்ளோ நேரம் ஒரு வார்த்தையும் பேசாம கேட்டுக்கிட்டு இருந்த அத்தை உள்ள போய் ஒரு நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. எல்லா நடைக்கும் வரவு செலவு எழுதுறது அவங்கதான். கடைசி ரெண்டு தடைக்காலத்துல 'திருப்பி அனுப்பினது'ன்னு தனியா ஒரு பக்கம். ஏஸ்ல முடியாதுன்னு மாமா விட்ட லோடு மொத்தம் 23. நான் ஒவ்வொண்ணாப் படிக்க, அத்தை விரல் மடக்கினாங்க. 20 அடி பைப், கம்பி: 14. இது ஒன்பதுலயும் போகாது, பத்துலயும் போகாது. வெயிட் அதிகம்னு விட்டது 6. புது வண்டி எதுவா இருந்தாலும் 1.7 டன், அதனால இனிமே அது ரெண்டுலயும் போகும். பத்தடி ஷீட்டும் பைப்பும்: 3.

"மூணு லோடு. ரெண்டு வருஷத்துல." அத்தை நோட்டை மூடிட்டாங்க.

எனக்குள்ள இருக்கிற இன்ஜினீயர் சும்மா இருப்பானா? "அத்தை, உங்ககிட்ட ஏஸ்தான் இருக்குன்னு தெரிஞ்சு கூப்பிடாமலே விட்டவங்க இந்தக் கணக்குல வர மாட்டாங்களே?" ஒரு நிமிஷம் வீடே சைலன்ட். மாமா என்னை மொதல் தடவையா மரியாதையா பார்த்தார். உடனே தெரிஞ்ச ரெண்டு ஹார்டுவேர் கடைக்கு போன். ஒருத்தர், ஷீட்டெல்லாம் டீலர் லாரியிலயே நேரா சைட்டுக்குப் போயிடும்னார். இன்னொருத்தர், "பத்தடி வண்டி இருந்தா மாசத்துக்கு ரெண்டு மூணு தரலாம்"னார். தடைக்காலத்துல ஆறு லோடு வெச்சாலும், மிச்ச பத்து மாசமும் அந்த ஒரு அடியைக் காசிமேட்டு மூலை முடுக்குல இழுத்துக்கிட்டுத் திரியணும். நான் எக்செல்ல போட்டுப் பார்த்தப்ப ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமே வரல. நிஜமாவே இழுபறி.

இழுபறியை முடிச்சு வெச்சது ஒரு கயிறு. மாமா ராத்திரி வண்டி விடுற இடம், தெரு முனையில டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்கும் ஒரு இஸ்திரிக் கடைக்கும் நடுவுல. ரெண்டு வண்டியோட முழு நீளத்தையும் ஷோரூம்ல எழுதி வாங்கிட்டு வந்தோம். கயித்துல முடிச்சு போட்டு அளந்தோம். நீள வண்டியோட முடிச்சு இஸ்திரிப் பெட்டி மேலயே வந்து நின்னுச்சு. கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே, "வேணும்னா நான் கொஞ்சம் தள்ளிக்கிறேண்ணே"ன்னார். மாமா கயித்தைச் சுருட்டினார். "உன் பொழப்பை நவுத்தி என் வண்டியை வுடுறதா? நல்லாக்குதே நாயம்."

ஒன்பது அடி வண்டி போன வாரம் வந்தாச்சு. எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் சுத்தி, மொதல் ரவுண்டு என்னை முன் சீட்டுல உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனார். "நீ ஓட்றியா?"ன்னு கேட்டார். உங்க பர்ஸ்ல இருக்கிற சாதாரண கார் லைசென்ஸ்லயே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியும் ஓட்டலாம்னு சுப்ரீம் கோர்ட் 2017-ல சொல்லுச்சு. 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிகள் பெஞ்சும் அதையே உறுதி பண்ணுச்சு. சட்டம் ஓகே. ஆனா திருவொற்றியூர் ஹைரோடு ஓகே சொல்லணுமே! "அப்புறமா மாமா"ன்னு எஸ்கேப் ஆயிட்டேன்.

நைட்டு வண்டியை விட்டுட்டு இறங்கினப்போ வேலிக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு சாண் இடம். இஸ்திரிக் கடை பக்கம் நாலு விரல். அத்தை டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, நோட்டுல புதுசா ஒரு பக்கம் தொறந்து தலைப்பு எழுதினாங்க: 'ஒம்போதடி - திருப்பி அனுப்பினது'. கீழ இப்போதைக்கு காலி.

அடுத்த வாரம் ஷேர் ஆட்டோ கடைசி சீட்டுல உட்கார்ந்து சஸ்பென்ஷன் பத்திப் பேசுவோம். முதுகுக்கு ஒரு தலகாணி எடுத்துட்டு வாங்க!